மெக்னீசியக் கலவைகளுக்கு ஏஜிங் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மணலில் வார்த்த ஏஇசட்91 (சுமார் 9 சதவீதம் அலுமினியமும் கொஞ்சம் துத்தநாகமும் சேர்ந்த மெக்னீசியக் கலவை) பாகம். 413 டிகிரி செல்சியஸில் சொல்யூஷன் ட்ரீட்மென்ட் (சேர்த்த தனிமங்களைத் திண்மத்துக்குள்ளேயே கரைக்கும் சூடாக்கல்), பிறகு 168 டிகிரியில் 16 மணி நேரம் ஏஜிங் (கரைந்ததை நுண்துகள்களாக, அதாவது வீழ்படிவாக, வெளிவர வைக்கும் மிதமான சூடு), அதாவது வழக்கமான டி6. ஹார்ட்னெஸ் ஏறியது, ஆனால் யீல்டு வலிமை (உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. 6061 அலுமினியத்தில் டி4-இலிருந்து (கரைத்துக் குளிர்வித்து, உலையில் ஏஜிங் செய்யாத நிலை) டி6-க்குப் போனால் யீல்டு ஏறக்குறைய இரட்டிப்பாகிறதே, இங்கே ஏன் அப்படி இல்லை, உள்ளே வீழ்படிவு சரியாக உருவாகவில்லையா, உலையில் இன்னும் நேரம் வைத்தால் ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏறாது. உங்கள் வேலையில் குறை இருந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கைநூல்களில் ஏஇசட்91சி (ஏஇசட்91-இன் ஒரு வகை) வார்ப்புக்குப் போட்டிருக்கும் மாதிரி மதிப்பே டி4-இல் சுமார் 90 மெகாபாஸ்கல், டி6-இல் சுமார் 145. அதே கைநூலில் 6061-க்கு டி4-இல் சுமார் 145, டி6-இல் சுமார் 275. மெக்னீசியம் ஏஜிங் முடித்து வந்து நிற்கும் இடத்தில்தான் அலுமினியம் ஏஜிங்கையே தொடங்குகிறது.

வீழ்படிவு போதவில்லை என்று நினைக்க வேண்டாம். அளவில் ஏஇசட்91 பணக்காரக் கலவை. முழுமையாக ஏஜிங் செய்தால் கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வீழ்படிவாக மாறும். 6061-இல் வருவது இரண்டு சதவீதத்தைத் தொடுவதே கஷ்டம். அவ்வளவு குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு அலுமினியம் அத்தனை இறுகுகிறது. ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: அந்தச் சரக்கு எத்தனை துகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு துகளும் படிகத்தின் எந்தத் தளத்தில் எப்படி அமர்ந்திருக்கிறது. அலுமினியக் கலவைகளில் பழகியவர்கள் முதலாவதை மட்டுமே யோசிப்பார்கள். மெக்னீசியத்தில் இரண்டாவதுதான் ஆளை மடக்குகிறது.

அதற்குப் படிகத்தைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். மெக்னீசியம் அறுங்கோணப் படிகம். அடித்தளத்தில் அணுக்கள் நெருக்கமாகப் பொதிந்திருக்கும். அந்தத் தளத்தில் பக்கத்து அணு 0.321 நானோமீட்டர் தூரத்தில், நெட்டுக்குத்தான அச்சின் நீளம் 0.521 நானோமீட்டர். அறை வெப்பநிலையில் டிஸ்லொகேஷன்கள் (படிக வரிசையில் உள்ள கோட்டுக் குறைகள்; இவை நகர்வதால்தான் உலோகம் வளைகிறது) எளிதாக வழுக்குவது இந்த அடித்தளத்தில் மட்டும்தான். மற்ற தளங்களில் வழுக்க வைக்கப் பல மடங்கு தகைவு வேண்டும். அலுமினியத்துக்கு ஒரே மாதிரி எளிதான 12 வழிகள் இருப்பதால், துகள் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தாலும் ஏதோ ஒரு வழியை மறிக்கும். மெக்னீசியத்தில் அந்தச் சலுகை கிடையாது. வலிமை கூட்ட வேண்டுமானால் முதலில் அடித்தள வழுக்கலை மறித்தாக வேண்டும். அடுக்கி வைத்த வெற்றிலையை யோசியுங்கள். இலை இலையாக வழுக்கும் அடுக்குக்குள் இன்னொரு இலையைப் படுக்க வைத்தால் வழுக்கல் நிற்காது. ஒரு ஈர்க்கை நெட்டுக்குத்தாகக் குத்தினால் நிற்கும்.

ஏஇசட்91-இல் நாம் செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் இலையைப் படுக்க வைக்கும் வேலை.

இனி உலையிலிருந்தே வருவோம். மெக்னீசியத்தில் அலுமினியம் அதிகபட்சமாகக் கரைவது 437 டிகிரியில், எடையில் 12.7 சதவீதம். அதுதான் யூடெக்டிக் வெப்பநிலை, அதாவது மிஞ்சிய திரவம் இரண்டு திண்மங்களாக ஒன்றாக உறையும் சூடு. 200 டிகிரிக்கு வந்தால் கரைதிறன் 3 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடும். 9 சதவீத அலுமினியம் உள்ள கலவையை மேலே கரைத்து, வேகமாகக் குளிர்வித்து, பிறகு 170 டிகிரி பக்கம் பிடித்தால், கூடுதலாக இருக்கும் அலுமினியம் வெளியே வந்தே ஆக வேண்டும். ஏஜிங்குக்கு இதைவிட நல்ல நிலைவரைபடம் (எந்தச் சூட்டில் எது எவ்வளவு கரையும் என்று காட்டும் படம்) கேட்க முடியாது. காகிதத்தில்.

வார்ப்பு உறையும்போது கடைசித் திரவம் கிரெயின்களுக்கு (உலோகத்தில் உள்ள தனித்தனிப் படிகங்களுக்கு) இடையே யூடெக்டிக்காகத் தங்கிவிடும். அதில் இருப்பதும் பின்னால் வீழ்படிவாக வரப்போவதும் ஒரே சேர்மம்தான்: 17 மெக்னீசியத்துக்கு 12 அலுமினியம் என்ற விகிதத்தில் அமைந்த பீட்டா. சொல்யூஷன் ட்ரீட்மென்ட் என்று 413 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைப்பது அந்தக் கட்டிகளைக் கரைக்கத்தான். பாகத்தை நேராக 413-இல் தள்ளக்கூடாது. 260 டிகிரி வாக்கில் உலையில் ஏற்றி, இரண்டு மணி நேரம் எடுத்து மெதுவாக மேலே கொண்டுபோவது வழக்கம். துத்தநாகம் சேர்ந்த யூடெக்டிக் கரைவதற்குள் உருகிவிட்டால், அந்த இடம் பிறகு வெற்றிடமாகத்தான் மிஞ்சும். கரையாமல் நின்ற பீட்டாவும் தண்டம். அது ஏஜிங்குக்கு உதவாது, நீட்சியையும் கெடுக்கும்.

உலையின் காற்றில் கொஞ்சம் கந்தக டைஆக்சைடோ கார்பன் டைஆக்சைடோ கலந்து வைப்பது மெக்னீசியம் தீப்பிடிக்காமல் இருக்க. நைட்ரேட் உப்புக் குளியலில் மெக்னீசியத்தை வைக்கவே கூடாது, வெடிக்கும். அலுமினியத்துக்கு அந்தக் குளியலைப் பயன்படுத்தும் பட்டறைகள் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன். அப்புறம், அதிக அழுத்தத்தில் டை காஸ்டிங் செய்த ஏஇசட்91டி பாகங்களை இந்த வழிக்கே கொண்டுவர வேண்டாம். உள்ளே சிக்கிய வாயு 413 டிகிரியில் உப்பி, மேற்பரப்பு முழுவதும் கொப்புளமாகிவிடும்.

சரி, கரைந்தாயிற்று, விசிறிக் காற்றில் குளிர்ந்தாயிற்று. 168 டிகிரியில் என்ன நடக்கிறது?

அலுமினியக் கலவைகளில் ஏஜிங் என்றால் படிப்படியான பயணம். முதலில் அணுக்கூட்டங்கள், அதிலிருந்து இடைக்கால வீழ்படிவுகள், கடைசியில் சமநிலைச் சேர்மம். தொடக்கத் துகள்கள் தாய்ப் படிகத்தோடு கிட்டத்தட்ட ஒட்டியே இருப்பதால் பிறப்பது சுலபம், அதனால் எண்ணிக்கை அபாரமாக இருக்கும். மெக்னீசியம்-அலுமினியத்தில் அப்படி எந்தப் படிக்கட்டும் இல்லை. அதிதெவிட்டிய திண்மக் கரைசலிலிருந்து நேராகச் சமநிலைப் பீட்டாவே வருகிறது. அந்தப் பீட்டாவோ 58 அணுக்கள் கொண்ட, 1.056 நானோமீட்டர் பக்கமுள்ள பெரிய கனசதுரக் கட்டம். அறுங்கோணப் படிகத்தின் நடுவில் அப்படி ஒன்று பிறப்பதற்கு ஆகும் செலவு அதிகம். அதனால் சில இடங்களில்தான் பிறக்கிறது, பிறந்தவை பெரிதாக வளர்கின்றன. ஒரு கன மைக்ரானுக்கு எத்தனை துகள் என்று எண்ணினால், நன்றாக ஏஜிங் செய்த அலுமினியக் கலவையைவிட நூறு மடங்கு குறைவாகக்கூட இருக்கும்.

பிறப்பதும் இரண்டு விதமாக. முதல் விதம் கிரெயின் எல்லையில் தொடங்கும். எல்லையில் ஒரு பீட்டா பிறந்ததும், அந்த எல்லையே பக்கத்துக் கிரெயினுக்குள் நகரத் தொடங்குகிறது. நகரும் எல்லை தனக்குப் பின்னால் பீட்டா, மெக்னீசியம், பீட்டா, மெக்னீசியம் என்று பட்டை பட்டையாக விட்டுச்செல்லும். எஃகில் பெர்லைட் பார்த்துப் பழகியவர்கள் சட்டென அடையாளம் கண்டுகொள்வார்கள். இதைத் தொடர்ச்சியற்ற வீழ்படிவு என்பார்கள், ஏனென்றால் நகரும் எல்லையைத் தாண்டியதும் கரைசலின் செறிவு ஒரேயடியாகக் குதித்து மாறுகிறது. ஒளி நுண்ணோக்கியில் எட்ச் செய்த (அமிலத்தால் லேசாக அரித்த) பரப்பில் எல்லைகளை ஒட்டிக் கருத்த முடிச்சுகளாகத் தெரிவது இதுதான். 168 டிகிரியில் கிரெயினின் உட்புறத்தில் அணுக்கள் நகர்வது மந்தம், எல்லை வழியாக நகர்வது பல மடங்கு வேகம். எனவே இந்த விதம் முந்திக்கொள்கிறது. பட்டைகள் தடித்தவை, இடைவெளியும் அதிகம். வலிமைக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை, ஆனால் கரைந்திருந்த அலுமினியத்தை நிறையவே தின்றுவிடும்.

இரண்டாவது விதம் கிரெயினுக்குள்ளேயே அங்கங்கே பிறக்கும் தட்டுகள், தொடர்ச்சியான வீழ்படிவு. வெப்பநிலை ஏற ஏற இதன் கை ஓங்கும், கிரெயினுக்குள்ளும் அணுக்கள் தாராளமாக நகர முடிவதால். நமக்கு வேண்டியது இதுதான். ஆனால் வில்லங்கமும் இங்கேதான். பீட்டாவின் கனசதுரப் படிகத்தில் ஒரு குறிப்பிட்ட தளம் மெக்னீசியத்தின் அடித்தளத்தோடு இணையாகப் பொருந்திக்கொள்கிறது. ஜிர்கோனியத்திலும் டைட்டானியத்திலும் பிரபலமான பர்கர்ஸ் உறவு இதேதான். அந்தப் பொருத்தம் உள்ள முகத்தில் ஆற்றல் குறைவு என்பதால் துகள் அந்த முகத்தைப் பரப்பிக்கொண்டு, அடித்தளத்தில் தட்டையாகப் படுக்கிறது. வேறு உறவில் நெட்டுக்குத்தாக நிற்கும் துகள்களும் உண்டு, ஆனால் அவை சிறுபான்மை. 1968-இல் கிளார்க் மெக்னீசியம்-9 சதவீத அலுமினியத்தில் மின்னணு நுண்ணோக்கி வைத்துப் பார்த்த காலத்திலிருந்தே இந்தப் படுத்த தட்டுகள் பதிவாகியிருக்கின்றன.

படுத்திருந்தால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக ஒரு தட்டு 400 நானோமீட்டர் அகலம், 20 நானோமீட்டர் தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிஸ்லொகேஷன் வழுக்கும் அடித்தளம் எத்தனை துகளை வெட்டும்? துகள்களின் எண்ணடர்த்தியை, நெட்டுக்குத்தான திசையில் துகளின் உயரத்தால் பெருக்கினால் வரும் எண்ணிக்கைதான். தட்டு படுத்திருந்தால் உயரம் 20. அதே தட்டு எழுந்து நின்றால் உயரம் 400. அதே எண்ணிக்கை, அதே கொள்ளளவு, ஆனால் வழுக்கும் தளம் சந்திக்கும் தடைகள் 20 மடங்கு. தடைகளுக்கு இடைப்பட்ட தூரம் இதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆக ஏறக்குறைய நாலரை மடங்கு நெருக்கம். வெட்ட முடியாத துகளைச் சுற்றி வளைந்து போக டிஸ்லொகேஷனுக்கு வேண்டிய தகைவு, அந்தத் தூரம் குறையக் குறைய ஏறும் என்பது இயற்பியலாளர் ஓரோவன் சொன்னது. படுத்த தட்டு மாட்டும்போது 400 நானோமீட்டர் அகலத் தடையாக மாட்டுகிறது என்பதால் நிஜ வித்தியாசம் நாலரை மடங்கு இருக்காது, குறையும். ஆனாலும் திசை மாறாது. மொனாஷ் பல்கலைக்கழகத்தின் ஜியான்-ஃபெங் நீ 2003-இல் இந்த வடிவக் கணக்கை முறையாகச் செய்து காட்டினார். ஒரே கொள்ளளவும் ஒரே எண்ணடர்த்தியும் வைத்துக்கொண்டால், அடித்தள வழுக்கலை மறிப்பதில் பட்டகத் தளங்களில் (அடித்தளத்துக்குச் செங்குத்தான தளங்களில்) நிற்கும் தட்டுகளே முதலிடம். நெட்டுக்குத்துக் கம்பிகள், உருண்டைகள், படுத்த தட்டுகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஏஇசட்91-இன் ஏமாற்றத்துக்குக் காரணம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்: எண்ணிக்கை குறைவு, இருப்பதும் படுத்துக் கிடக்கிறது. நேரத்தைக் கூட்டினால் தட்டுகள் நீளும், தடிக்கும், எல்லை முடிச்சுகள் கிரெயினுக்குள் இன்னும் உள்ளே வரும். புதிய தட்டுகள் புதிய தளத்தில் பிறக்கப்போவதில்லை.

ஆனால் அந்தப் படுத்த தட்டுகளை முழுக்கப் பயனற்றவை என்று தள்ளிவிடவும் கூடாது. மெக்னீசியம் உருமாறும் இன்னொரு வழி ட்வின்னிங். படிகத்தின் ஒரு பட்டை அப்படியே 86 டிகிரி சாய்ந்து புதிய திசையில் நிற்கும். எக்ஸ்ட்ரூஷன் செய்த (அச்சுத் துளை வழியே அழுத்தித் தள்ளிய) பாகங்கள் இழுப்பில் வலிமையாகவும் அமுக்கத்தில் பலவீனமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். படுத்த பீட்டாத் தட்டுகள் ட்வின் வளர்வதற்குத் தொல்லை கொடுக்கின்றன. ட்வின் அந்தத் தட்டை வெட்டாமல் விழுங்கிக்கொண்டு போகும்போது தட்டு திரும்ப வேண்டியிருக்கிறது, சுற்றியுள்ள படிகத்தில் தகைவு சேர்கிறது. 2010-இல் ஜெயின், பூல், சின்க்ளேர், கர்கூரி ஆகியோர் 8 சதவீத அலுமினியக் கலவை ஒன்றில் ஏஜிங் செய்ததும் இழுப்புக்கும் அமுக்கத்துக்குமான வித்தியாசம் குறைந்ததைக் காட்டினார்கள். உங்களுடையது திசையமைப்பு இல்லாத வார்ப்பு, எனவே இதன் லாபம் உங்களுக்கு அதிகம் தெரியாது.

வேறு கலவைகளில் துகள்கள் எழுந்து நிற்கின்றனவா என்றால், நிற்கின்றன. மெக்னீசியம்-துத்தநாகத்தில் கம்பியாக நிற்கின்றன. துத்தநாகம் 340 டிகிரியில் எடையில் 6.2 சதவீதம் வரை கரையும். இசட்கே60 போன்ற கலவைகளை 150 டிகிரியில் ஒரு நாள் பிடித்தால் பீட்டா-1 டேஷ் எனப்படும் மெல்லிய கம்பிகள் நெட்டுக்குத்தான அச்சோடு இணையாக, அடித்தளத்தைக் குத்திக்கொண்டு பிறக்கும். நெடுங்காலம் இவை துத்தநாகம் இரண்டு, மெக்னீசியம் ஒன்று என்ற சேர்மம் என்றே நினைத்திருந்தார்கள். 2007-ஐ ஒட்டி வந்த நுண்ணோக்கி ஆய்வுகள் 4 மெக்னீசியத்துக்கு 7 துத்தநாகம் என்ற ஒற்றைச்சரிவுப் படிகம் அதில் இருப்பதைக் காட்டின. இந்தக் கலவையில் நேரத்தைக் கூட்டினால் நடப்பது வேடிக்கை. கம்பிகளின் இடத்தைப் பீட்டா-2 டேஷ் எனும் தட்டுகள் பிடிக்கின்றன, அவை அடித்தளத்தில் படுப்பவை. நின்றுகொண்டிருந்த சரக்கு படுக்கப் போகிறது, ஹார்ட்னெஸ்ஸும் இறங்குகிறது. ஓவர் ஏஜிங் என்றால் துகள் பருத்துவிட்டது என்று மட்டும் நினைப்போம். இங்கே திசையும் மாறுகிறது.

துத்தநாகக் கலவைகளில் எண்ணிக்கையைக் கூட்டவும் வழிகள் உண்டு. ஏஜிங்குக்கு முன்னால் சில சதவீதம் இழுத்துவிட்டால் டிஸ்லொகேஷன்கள் பெருகி, அவற்றின் மேல் கம்பிகள் கூட்டமாகப் பிறக்கின்றன. 70 டிகிரி போன்ற குறைந்த வெப்பநிலையில் முதலில் நெடுநேரம் வைத்து, பிறகு 150-க்கு ஏற்றும் இரட்டை ஏஜிங்கும் வேலை செய்கிறது. கீழே உருவான அணுக்கூட்டங்கள் மேலே பிறப்பிடங்களாகின்றன. ஜப்பானின் ட்சுகுபாவில் ஹோனோ குழுவினர் 2009-இல் வெளியிட்ட வேலையில் வெள்ளியும் கால்சியமும் 0.1 அணுச் சதவீதம் மட்டும் சேர்த்ததில் கம்பிகள் பலமாக நுணுகின. ஏஇசட்91-இல் இதே வித்தைகளுக்குக் கிடைக்கும் பலன் சுமார்தான். அங்கே படிக்கட்டே இல்லாததால் கீழ்ப்படியில் ஏற்றி வைக்க ஒன்றும் கிடையாது.

முழுத் தட்டுகளாக எழுந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் அருமண் தனிமங்கள் சேர்த்த கலவைகளுக்குப் போக வேண்டும். டபிள்யூஇ43-ஐ எடுத்துக்கொள்ளலாம். சுமார் 4 சதவீதம் யிட்ரியம், 3 சதவீதம் நியோடிமியத்தை முதன்மையாகக் கொண்ட அருமண், கிரெயினை நுணுக்கக் கொஞ்சம் ஜிர்கோனியம். 525 டிகிரியில் 8 மணி நேரம், வெந்நீரிலோ பாலிமர் கரைசலிலோ குவென்ச், பிறகு 250 டிகிரியில் 16 மணி நேரம். அலுமினியத்தில் உள்ள மாதிரியான படிக்கட்டு இங்கே உண்டு. முதலில் அணுக்கூட்டங்களும் பீட்டா டபுள் டேஷ் என்று பெயர் பெற்ற மிக நுண்ணிய தகடுகளும். பிறகு பீட்டா டேஷ். அதன்பின் பீட்டா-1. கடைசியில் சமநிலைப் பீட்டா. பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்ப வேண்டாம், ஏஇசட்91-இன் பீட்டாவுக்கும் துத்தநாகக் கலவையின் பீட்டாக்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பீட்டா-1 என்ற படி பழைய பாடப்புத்தகங்களில் இருக்காது. 1999-இல் ஆய்வாளர்கள் ஜியான்-ஃபெங் நீ, மடில் இருவரும் இதே குடும்பத்தில் யிட்ரியம் கூடிய டபிள்யூஇ54-ஐ 250 டிகிரியில் ஏஜிங் செய்து பார்த்தபோது அடையாளம் கண்டது அது. முகமையக் கனசதுரப் படிகம், பக்கம் 0.74 நானோமீட்டர். பட்டகத் தளங்களில் தட்டுகளாக நிற்கும். நுண்ணோக்கிப் படத்தை நெருங்கிப் பார்த்தால், ஒவ்வொரு பீட்டா-1 தட்டின் இரண்டு முனைகளிலும் பீட்டா டேஷ் துணுக்குகள் ஒட்டியிருப்பது தெரியும். பீட்டா-1 உருவாகும்போது படிகம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அந்தச் சாய்வின் அழுத்தத்தை முனையில் உள்ள துணுக்குகள் தாங்கிக்கொள்கின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். இன்னும் நேரம் வைத்தால் தட்டு இருந்த இடத்திலேயே சமநிலைப் பீட்டாவாக மாறும். அதன் கட்டத்தின் பக்கம் 2.22 நானோமீட்டர், பீட்டா-1-இன் சரியாக மூன்று மடங்கு. அணுக்கள் அதிகம் அலையாமல் உள்ளேயே இடம் மாறி அமர்வதால் தட்டின் திசை மாறுவதில்லை. துத்தநாகக் கலவையில் நடந்த அந்தப் படுக்கைமாற்றம் இங்கே கிடையாது. பருத்தாலும் நின்றபடியே பருக்கிறது. 250 டிகிரி வரை இந்தக் கலவை தாக்குப்பிடிப்பதற்கும், ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் கூடுகளுக்கு இதைத் தேடிப் போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஏஇசட்91-ஐ 120 டிகிரிக்கு மேல் யாரும் நம்ப மாட்டார்கள்.

தொடக்கப் படியான பீட்டா டபுள் டேஷ் உண்மையில் தனி ஒரு கட்டமா என்ற விவாதம் அணு அளவில் படம் எடுக்கும் நுண்ணோக்கிகள் வந்த பிறகு சூடுபிடித்தது. யிட்ரியமும் நியோடிமியமும் மெக்னீசியத்தைவிடக் கனமான அணுக்கள் என்பதால் அந்தப் படங்களில் ஒவ்வொரு அணு வரிசையும் பளிச்சென்று தெரியும். பழைய விளிம்புவளைவுப் படங்களில் ஒரு கட்டம் என்று வாசித்தவை பலவும், அறுங்கோணமாகவும் வளைந்து வளைந்தும் ஒழுங்காக அமர்ந்த ஒற்றை அடுக்கு அணுக்கூட்டங்களாக வெளிப்பட்டன. பட்டறைக்கு இதனால் ஒன்றும் மாறாது. 250 டிகிரியில் உச்ச ஹார்ட்னெஸ் நேரத்தில் வேலை செய்வது பீட்டா டேஷும் பீட்டா-1-உம்தான்.

இதே குடும்பத்தில் ஒரு பாடம் கவனிக்கத் தக்கது. டபிள்யூஇ54-ஐ 250 டிகிரியில் டி6 செய்து, பிறகு 150 டிகிரியில் நெடுங்காலம் ஓடவிட்டால் நீட்சி குறைந்துவிடும். 250-இல் கரைந்தபடி மிஞ்சிய யிட்ரியம் 150-இல் கரைதிறன் போதாமல் மறுபடி நுண்ணிய வீழ்படிவாக வெளிவருவதுதான் காரணம். டி6 முடிந்தால் வீழ்படிவும் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, பாகம் எந்தச் சூட்டில் வேலை செய்யப்போகிறதோ அந்தச் சூடும் ஒரு ஏஜிங்தான். யிட்ரியத்தைக் குறைத்த டபிள்யூஇ43 இந்த விஷயத்தில் பரவாயில்லை.

உச்சம் எதுவரை போகும் என்று கேட்டால், கடோலினியம்-யிட்ரியம் கலவைகள்தான். 2009-இல் ஹோமா, குனிட்டோ, கமாடோ மூவரும் அப்படி ஒன்றை எக்ஸ்ட்ரூட் செய்து ஏஜிங் முடித்து 473 மெகாபாஸ்கல் யீல்டும் 542 மெகாபாஸ்கல் இழுவலிமையும் காட்டினார்கள். அதில் 10 சதவீதம் கடோலினியம், 5.7 சதவீதம் யிட்ரியம். விலையை நினைத்தால் தலை சுற்றும். எடையும் ஏறும், மெக்னீசியத்தைத் தேர்ந்தெடுத்த காரணமே கொஞ்சம் அடிபடும். ஸ்கூட்டர் பாகத்துக்கு இதையெல்லாம் யாரும் போட மாட்டார்கள்.

இனி உங்கள் வார்ப்புக்கு. நேரத்தைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். கடைசிப் பாலிஷில் தண்ணீர் வேண்டாம், எத்தனால் வைத்துச் செய்யுங்கள், மெக்னீசியம் நீரில் கறுத்துவிடும். பிக்ரல் வகை (பிக்ரிக் அமிலம் கலந்த) எட்ச்சில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். கிரெயின்களுக்கு நடுவே வெள்ளையாகப் பெரிய பீட்டாக் கட்டிகள் மிஞ்சியிருந்தால் சொல்யூஷன் ட்ரீட்மென்ட் போதவில்லை, ஏஜிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லைகளை ஒட்டிய கருத்த முடிச்சுகள் பரப்பில் பாதிக்கு மேல் பரவியிருந்தால், தடித்த பகுதியில் குளிர்வித்தது மெதுவாக இருந்திருக்கலாம். ஏஜிங் தொடங்குவதற்கு முன்பே முடிச்சுகள் பிறந்திருக்கும். டி4 நிலையிலேயே ஒரு துண்டை எடுத்து இதை உறுதிசெய்துகொள்ளலாம். மெல்லிய பகுதியும் தடித்த பகுதியும் தனித்தனியே பாருங்கள். மூன்றாவதாக, சின்னச் சின்னதாகக் கோணல் வடிவத் துகள்கள் தெரிந்தால் அவற்றை வீழ்படிவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை அலுமினியம்-மாங்கனீசுத் துகள்கள், இரும்பைப் பிடித்து அரிப்பைக் குறைக்கச் சேர்த்த மாங்கனீசிலிருந்து வந்தவை. சொல்யூஷன் ட்ரீட்மென்ட்டின் சூட்டிலும் அவை கரையாது, ஏஜிங்கில் பங்கும் எடுக்காது. நமக்கு வேண்டிய தட்டுகள் ஒளி நுண்ணோக்கியில் சரியாகத் தெரியாது, எஸ்இஎம் (வருடு மின்னணு நுண்ணோக்கி) வேண்டும்.

ஒரு முழு ஏஜிங் வளைகோடும் எடுத்துவிடுங்கள். ஒரே வார்ப்பிலிருந்து துண்டுகள், 1, 2, 4, 8, 16, 32, 64 மணி நேரம் என்று இரட்டித்துக்கொண்டே போய் ஹார்ட்னெஸ் எடுத்தால் போதும். 16-க்குப் பிறகு கோடு தட்டையாகப் போவதைப் பார்ப்பீர்கள். கொஞ்சம் ஏறினாலும் அதற்கு ஈடாக நீட்சியைக் கொடுக்க வேண்டியிருக்கும். டி4-இல் 15 சதவீதம் பக்கம் இருக்கும் நீட்சி டி6-இலேயே 6 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. பாகத்துக்கு அதிர்ச்சிச் சுமை வரும் என்றால் டி4-இலேயே நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். பலர் டி6 என்றாலே உயர்ந்தது என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, 168-க்குப் பதில் 216 டிகிரியில் 5 அல்லது 6 மணி நேரம் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஏஇசட்91சி-க்கு அதுவும் ஒப்புக்கொள்ளப்பட்ட வழிதான். எல்லை முடிச்சுகள் குறையும், கிரெயினுக்குள் தட்டுகள் அதிகம் வரும், ஆனால் அவை பருமனாக இருக்கும் என்பதால் உச்ச ஹார்ட்னெஸ் கொஞ்சம் கீழேதான் நிற்கும். உலை நேரமும் மின்கட்டணமும் முக்கியம் என்றால் 216-க்குப் போங்கள். யீல்டில் கடைசி சில மெகாபாஸ்கல் வரை தேவை என்றால் 168-லேயே இருங்கள். அதற்கும் மேலே வேண்டும் என்றால் உலையை விட்டுவிட்டுக் கலவையை மாற்றுவது பற்றி வரைபடம் போட்டவரிடம் பேச வேண்டியதுதான்.